பட்டறை இல்லாத வில்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையின் இரு பக்கமும், ஒரு வில்லுக்கு வேண்டியதெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. கண்மாய்க் கரையில் பனை. தரிசில் எருக்கு. வேலியோரத்தில் மருள். குண்டாற்றுப் பக்கம் நாணல். அம்புக்கு இறகு வேண்டுமென்றால் காட்டில் மயில் உதிர்த்துப் போட்டிருக்கும்.

இது நானாகச் சேர்த்த பட்டியல் அல்ல. வில்லுக்கு ஆகும் பொருள்கள் என்று அர்த்தசாஸ்திரம் நான்கைச் சொல்கிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. நாண் திரிக்க ஆகும் நார்களின் வரிசையில் மருளும் எருக்கும் சணலும் மூங்கிலும் வருகின்றன. விலங்கின் நரம்பும் உண்டு. மருளின் இனத்தை ஆங்கிலத்தில் ‘வில்நாண் சணல்’ என்றே அழைத்தார்கள். கரிசலும் செம்மண்ணும் கலந்த இந்தக் காட்டில் மூங்கிலைத் தவிர மற்றதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சங்கப் பாடல்களும் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியும் வில்லேந்திய எயினரையும் மறவரையும் குடிவைப்பது இத்தகைய வறண்ட நிலத்தில்தான். அப்படியிருந்தும் இங்கே வில் செய்வதே பிழைப்பாகக் கொண்ட ஒரு பட்டறையின் சுவடு இல்லை. இன்னார் செய்த வில் என்று சொல்லிக் காட்ட ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வியின் மறுபாதி அமெரிக்காவில் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் அங்கே செய்யப்பட்ட மரவிற்களை இன்று தேடிப்பிடித்து வாங்கிச் சேர்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் வில்லைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அதன் கீழ்க்கையில் உள்ள எழுத்தை. இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால் எத்தனை பவுண்டு விசை, வில்லின் நீளம் எவ்வளவு, செய்தவர் யார் என்பதெல்லாம் பல விற்களில் மையால், கையாலேயே எழுதப்பட்டிருக்கும். பிரெட் பேர் 1933இல் டெட்ராய்ட்டில் விளம்பர அச்சுத் தொழிலோடு சேர்த்து வில் செய்யத் தொடங்கி, 1947இல் மிச்சிகனின் கிரேலிங் என்ற சிற்றூருக்குப் பட்டறையை மாற்றினார். எர்ல் ஹாய்ட் 1931இல் செயின்ட் லூயிசில் தொடங்கினார். இவர்களைச் சுற்றி வீட்டுக் கொட்டகையில் மூன்று நான்கு பேரை வைத்துக்கொண்டு வில் செய்த சிறுபட்டறைக்காரர்கள் பலர் இருந்தார்கள். மிசௌரியைச் சேர்ந்த ஆலன் என்பவர் கப்பி பொருத்திய வில்லுக்கு 1969 இறுதியில் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் வேட்டைக்காரர்கள் கப்பிவில்லுக்கு மாறினார்கள், சிறுபட்டறைகள் பல மூடிக்கொண்டன. மூடிய பட்டறையின் பெயர் வில்லின் மேல் நின்றது. பழம்பொருளாக அதற்கு விலை ஏறுவதற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம்.

அவர்கள் செய்தது எதிர்வளைவு வில். நாண் ஏற்றாதபோது அதன் இரு முனைகளும் வில்லாளிக்கு எதிர்த்திசையில், முன்னோக்கி மடங்கி நிற்கும். நாண் ஏற்றினால் முனைகளின் மேல் நாண் படிந்து கிடக்கும். இழுக்க இழுக்க நாண் முனையைவிட்டு உரிந்து எழும்பும். இழுப்பின் தொடக்கத்தில் குட்டையாக இருக்கும் நாண், முடிவில் நீண்டுவிடுகிறது என்று கொள்ளலாம். அதனால் தொடக்கத்திலேயே விசை ஏறிவிடுகிறது. கடைசியில் கை திணறுவதில்லை. ஒரே உச்ச விசை கொண்ட நேர்வில்லைவிட இது அதிக ஆற்றலைச் சேமிக்கும், அதுவும் குட்டையான வில்லிலேயே. கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் ஆகிய இயற்பியலாளர்கள் 1930களில் இதையெல்லாம் அளந்து கணக்காக்கினார்கள். கிளாப்ஸ்டெக் 1934இல் துருக்கிய வில்லைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

ஆனால் தனி மரத்தால் இந்த வளைவு நிற்காது. வில் வளையும்போது வில்லாளியைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. குட்டையான வில்லில் இந்த நசுங்கலும் இழுபடலும் மரத்தின் தாங்கு அளவைத் தாண்டிவிடும். ஆசியாவின் விற்கலைஞர்கள் இதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டிருந்தார்கள். நடுவில் மரம் அல்லது மூங்கில். நசுங்கும் பக்கம் எருமைக் கொம்பு. இழுபடும் பக்கம் விலங்கின் நரம்பு. எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் வச்சிரப்பசை. அமெரிக்கக் கொட்டகைக்காரர்கள் மெல்லிய மேப்பிள் மரத்தகட்டின் இருபுறமும் கண்ணாடியிழைத் தகட்டை ஒட்டியபோது, கொம்பும் நரம்பும் செய்த வேலையைத்தான் கண்ணாடியிழைக்குக் கொடுத்தார்கள். லாகூரில் கொம்புவில்லுக்காக ஓராண்டு காய்ந்த வேலை மிச்சிகனில் அடுப்புச் சூட்டில் சில மணி நேரத்தில் முடிந்தது.

ஆக, எதிர்வளைவு வில் என்பது பசையின் கலை. பசை காயக் காத்திருக்க இடம் வேண்டும், முதல் வேண்டும், ஒரே நேரத்தில் பல விற்கள் பல நிலைகளில் கிடக்க வேண்டும், வாங்கும் படையும் அரசும் வேண்டும். இதை ஏர் செய்து மிஞ்சிய பொழுதில் செய்ய முடியாது. ஆகவே எங்கே கொம்புவில் போனதோ அங்கே வில்செய்வோர் தனித்தொழிலாளராகத் திரண்டார்கள். வட இந்தியாவில் அவர்கள் பெயர் கமான்கர். முகலாயப் படைக்கு வில் செய்தவர்கள் அவர்கள். அரக்கும் பொன்மையும் பூசி வில்லின் மேல் பூவும் கொடியும் வரைந்தவர்களும் அவர்களே. துப்பாக்கி வந்து வில்லுக்கு வேலையில்லாமல் போனபோது கச்சுப் பகுதியின் கமான்கர்கள் தூரிகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். வீட்டுச் சுவர்களிலும் மாளிகைகளிலும் அவர்கள் வரைந்த ஓவியங்கள் இன்றும் கமான்கரி என்றே வழங்குகின்றன. தொழில் செத்தும் பெயர் சாகாததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தெற்கே கொம்புவில் வேரூன்றாததற்குப் பருவநிலையையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். வச்சிரப்பசை ஈரம் குடித்தால் இளகும். வடகிழக்குப் பருவமழையின் இரண்டு மாதத்தில் அந்த வில்லைக் கணகணப்பில் வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடு. வடக்கிலேயே ஆயுதசாலையில் போட்டுவைக்க எஃகால் வில் செய்தார்கள். விசை குறைவு, ஆனாலும் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. இருந்தாலும் பருவநிலை மட்டுமே பதிலாகிவிடாது. திருச்சுழிப் பக்கம் ஆண்டில் பெரும்பாலான நாள் வெயில்தான். பசை காய இதைவிட நல்ல ஊர் எது? இல்லாமல் போனது கூலி கொடுக்கும் கை என்றே நினைக்கிறேன்.

பழைய தமிழ் வில் எப்படி இருந்தது என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்து சான்று கிடைக்காது. மரமும் நாரும் மட்கிப்போகும். நமக்குக் கிடைப்பது கல்லும் பாட்டும். செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் வீரன் வில்லோடு நிற்கிறான். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் பாடுகிறார். எந்த வில்லாலும் இது ஆகாது. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும்: பெரிய உடலில் தொடங்கிச் சிறிய உடலில் முடிகிறது. அம்பு வேகம் இழந்துகொண்டே போகும் என்பதை அறிந்தவர் கட்டிய பொய் அது. ஓரியின் நினைவாகக் கொல்லிமலையில் ஆடி 17, 18இல் நடக்கும் விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு.

இந்திய வில்லைக் கண்ணால் கண்டு எழுதிய பழைய வெளிநாட்டுக் குறிப்பு அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சொன்னதாக ஆரியன் எழுதிவைத்தது. காலாளின் வில் ஆளுயரம். ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடது காலால் மிதித்து நாணை இழுப்பார்கள். அம்பு ஏறக்குறைய மூன்று முழம். இது சிந்துவெளிச் செய்தி, தமிழகத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் பனையும் மூங்கிலும் கொண்டு செய்யும் வில் நீளமாகத்தான் இருக்க முடியும் என்ற பொது விதி இரண்டு நிலத்துக்கும் ஒன்றுதான். பசை இல்லாவிட்டால் நீளத்தால்தான் முறியாமல் காக்க முடியும்.

பனையின் வலு அதன் வெளிவட்டத்தில் இருக்கிறது. நடுவில் சோறு, ஓரத்தில் கறுத்த வைரம். வீட்டுக் கூரைக்குப் பனங்கை அறுப்பவர்கள் அந்த வைரத்தைத்தான் எடுக்கிறார்கள். அதிலிருந்து வில் செய்யும் வழக்கமும் அழிந்துவிடவில்லை. திருநெல்வேலி, குமரி மாவட்டங்களின் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் முன்வைத்திருக்கும் பெரிய வில் பனை மரத்திலிருந்தும் மூங்கிலிலிருந்தும் செய்யப்படுவது. மணிகள் கோத்து, குடத்தின் மேல் சாய்த்து, வீசுகோலால் நாணைத் தட்டுகிறார்கள். என்.எஸ். கிருஷ்ணனும் பிறகு சுப்பு ஆறுமுகமும் மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோன வில் இதுதான். அர்த்தசாஸ்திரம் சொன்ன பனைவில்லின் வாரிசைத் தேடினால் அம்பு தொடுக்காத இந்த வில்லில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு வாரிசு சிறுவர்கள் கையில் இருந்த உண்டைவில். அம்புக்குப் பதிலாகக் களிமண் உருண்டை. இரட்டை நாணின் நடுவே உருண்டையை வைக்க ஒரு சிறு பின்னல். கதிர் கொத்த வரும் பறவையை விரட்ட இதைவிட மலிவான கருவி கிடையாது. இதன் புகழ் பெரிய இடத்தில் இருக்கிறது: சிறுவன் இராமன் கூனியின் முதுகில் உண்டை அடித்ததைத் திருமழிசையாழ்வார் பாடினார். அந்த வடுவையே கம்பர் மந்தரையின் பகைக்கு விதையாக்கினார். வால்மீகியிடம் இந்த நிகழ்ச்சி இல்லை. காவியத்தின் திருப்பம் ஒரு விளையாட்டு வில்லில் தொங்குவது தமிழ்க் கதைசொல்லிகளுக்கே தோன்றியிருக்கிறது.

இனி வளரி என்ற எறிகருவிக்கு வரலாம். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லின் இடத்தில் நின்றது இதுதான். போரில் துப்பாக்கியும் நீண்ட ஈட்டியும் முதன்மை ஆகிவிட்டிருந்தன. துப்பாக்கி வாங்க முடியாதவன் தூரத்தில் இருப்பதை வீழ்த்த வளரியை எடுத்தான். பிறை வடிவம், ஒரு முனை கனத்து அகன்றிருக்கும், மறுமுனை மெலிந்து கைப்பிடியாகும். மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில சுற்றுச் சுழற்றி வீசுவார்கள். எறிந்தவனிடமே திரும்பி வரும் என்று மேடைகளில் சொல்லப்படுவதை நான் நம்பவில்லை. ஒரு முனை கனத்த கருவி திரும்புவதற்காகச் செய்யப்பட்டதல்ல, தாக்குவதற்காகச் செய்யப்பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வேட்டை எறிகோல்களிலும் பெரும்பாலானவை திரும்பாதவையே.

கம்பெனிப் படையின் ஜேம்ஸ் வெல்ஷ் 1795 வாக்கில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாகத் தன் படைநினைவுகளில் எழுதியிருக்கிறார். நூல் 1830இல் வந்தது. தேர்ந்த கையில் நூறு கெஜத்துக்குள் எந்தக் குறியும் தப்பாது என்பது அவர் மதிப்பீடு. கற்றுக்கொடுத்தவரை எதிர்த்தே 1801இல் அவர் போரிட வேண்டிவந்தது. மருது சகோதரர்கள் அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிக்கை வந்தது: பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும்.

அதன்பின் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கவனிக்கத்தக்கது. ஆயுதம் என்ற சொல்லுக்குள் துப்பாக்கி, வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு வில்லையும் அம்பையும் அது பெயர் சொல்லிச் சேர்த்தது. வளரிக்குப் பெயர் இல்லை. சட்டம் எழுதியவர்கள் மறந்தார்களா, இது தடிதானே என்று விட்டார்களா என்பது இருக்கட்டும். இருபதாம் நூற்றாண்டில் மக்கள் ரேகைச் சட்டம் என்று அழைத்த குற்றப்பரம்பரைச் சட்டம் இப்பகுதிக் கள்ளர், மறவர் ஊர்களின் மேல் விழுந்தபோது, பட்டியலில் பெயர் இல்லாத கருவியை வீட்டில் வைத்திருப்பதும் துணிச்சலான செயலாகத்தான் இருந்திருக்கும்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில் புதுக்கோட்டைத் திவானின் குறிப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறார். கனமான மரத்தில் செய்வார்கள், சிலசமயம் இரும்பிலும் செய்வார்கள், புறவிளிம்பைக் கூராக்குவார்கள், தேர்ந்த வீச்சாளர் இப்போது இல்லை, முயலும் காட்டுக்கோழியும் அடிக்க எப்போதாவது எடுக்கிறார்கள், மற்றபடி பூசையறையில் இருக்கிறது, ஆயுதபூசையன்று துடைத்து வெளியே வைத்து மறுபடி உள்ளே வைத்துவிடுகிறார்கள் என்கிறது அந்தக் குறிப்பு. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த வளரிகளில் தந்தத்தால் ஆனவையும் உண்டு. தந்த வளரியை யாரும் முயல் மேல் எறிந்திருக்க மாட்டார்கள். அது அரசவைக்கானது.

திவானின் குறிப்பில் எல்லாம் இருக்கிறது, செய்தவர் இல்லை. இங்கிலாந்தில் லேன் பாக்ஸ் என்ற படைத்தலைவர் 1860களின் இறுதியில் இந்திய, ஆஸ்திரேலிய, எகிப்திய எறிகோல்களை அடுக்கிவைத்து மனித அறிவின் படிமுறை வளர்ச்சியைக் காட்ட முயன்றார். பிட் ரிவர்ஸ் என்று பின்னர் பெயர் மாற்றிக்கொண்ட அவருடைய தொகுப்பிலிருந்துதான் ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகம் 1884இல் பிறந்தது. அவருக்கு வேண்டியிருந்தது வடிவம் மட்டும். வெல்ஷுக்கு வேண்டியிருந்தது வீசியவர். ஆயுதபூசை செய்யும் குடும்பத்துக்கு வேண்டியது வைத்திருந்த முன்னோர். ஆசாரியை எவரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல என்பது என் வாதம். வளரி செய்வது தனித்தொழிலாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு பிறைவடிவக் கருவி உடையாமல் இருக்க வேண்டுமானால் மரத்தின் நரம்பு அதே பிறையில் ஓட வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் வளைவின் குறுக்கே நரம்பு வெட்டுப்படும். கல்லில் ஒருமுறை பட்டால் அங்கேயே பிளக்கும். ஆகவே இயற்கையிலேயே வளைந்த கிளையை, அல்லது கிளை பிரியும் கவட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தத் தேர்வை ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்தவர் கலப்பை செய்யும் ஊர்த்தச்சர். நாட்டுக்கருவேலத்திலும் வாகையிலும் வளைவு பார்த்து, நிற்கும் மரத்திலேயே இது கலப்பைக்கு, இது மேழிக்கு என்று கண்ணால் அளந்துவைப்பவர் அவர். வாச்சியும் உளியும் இழைப்புளியும் போதும். பசை வேண்டாம், காயவைக்கும் கொட்டகை வேண்டாம். இரும்பு வளரிக்குக் கொழு அடிக்கும் கொல்லர் இருந்தார். இருவருக்கும் கூலி களத்தில் நெல்லாகவோ கம்பாகவோ வருவது. வளரிக்கென்று தனிக் கணக்கு எழுத வேண்டியதில்லை.

இதை ஏற்றால் வில்லின் கேள்விக்கும் அதுவே விடை. திருச்சுழிச் சீமையின் நேர்வில்லும் அதே தச்சரின் வேலையாகத்தான் இருந்திருக்கும். பனை வைரத்தைச் செதுக்கி, இரு முனையிலும் நாண் மாட்டும் குதை வெட்டி, மெல்ல வளைத்து, எந்தப் பக்கம் விறைக்கிறதோ அங்கே சுரண்டிவிட ஒரு பிற்பகல் போதும். பட்டறை இல்லாததால் தடை வந்தபோது மூடப்பட்டதும் எதுவுமில்லை. கமான்கர் தூரிகைக்குப் போனதுபோல் இவர் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை, மறுநாளும் கலப்பைதான். தொழில் அழிந்ததற்கான அழுகுரல்கூட ஆவணத்தில் இல்லாமல் போனது இதனால்.

செய்தவர் பெயர் இல்லாவிட்டாலும் வில் சடங்கில் தங்கியிருக்கிறது. விசயதசமியன்று இராமநாதபுரத்தின் மகர்நோன்புத் திடலில் அம்பு எய்யும் சடங்கு இன்றும் நடக்கிறது. காரைக்குடியிலும் சிவகங்கையிலும் மகர்நோன்புப் பொட்டல் என்றே இடம் இருக்கிறது. தெய்வத்தின் சார்பில் எய்யப்படும் அந்த அம்பு எதையும் துளைக்க வேண்டியதில்லை. வில் வளைந்தால் போதும். தமிழகத்தின் பழைய இராமர் செப்புத்திருமேனிகள் பலவற்றில் இடக்கை உயர்ந்து வில்லைப் பற்றியதுபோல் நிற்கும், வில் மட்டும் இருக்காது. தனியே வார்த்துச் செருகிய அந்தச் சிறுவில் தொலைந்திருக்கும். விழாவுக்கு வேறு வில் செய்து வைத்துக்கொள்வார்கள்.

தச்சரைப் பற்றிய என் வாதம் ஊகத்தோடு நிற்க வேண்டியதில்லை. சென்னை எழும்பூரிலும் புதுக்கோட்டையிலும் உள்ள மர வளரிகளின் நரம்போட்டத்தை ஒரு கைவிளக்கைக் கொண்டே பார்த்துவிடலாம். வளைவோடு ஓடுகிறதா, குறுக்கே வெட்டுப்படுகிறதா என்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். ஊசிமுனை அளவு சீவல் கிடைத்தால் அது கருவேலமா வாகையா புளியா என்று மர உடற்கூறு அறிந்தவர் சொல்லிவிடுவார். கலப்பையின் நரம்போட்டத்தோடு அது ஒத்துப்போனால் என் வாதம் நிற்கும், இல்லாவிட்டால் விழும். ஒப்பிடுவதற்கான கலப்பைகளை மட்டும் சீக்கிரம் சேர்க்க வேண்டும். டிராக்டர் வந்தபின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மரக்கலப்பை அடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாட்டுக்கருவேலம் நின்ற இடங்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. நிற்கும் மரத்தில் கலப்பை வளைவு பார்க்கத் தெரிந்த ஆசாரிகளோ எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அருங்காட்சியகத்து வளரியை அவர்களில் ஒருவர் கையில் கொடுத்து, இது மரத்தின் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று கேட்பதிலிருந்து அந்த ஆய்வைத் தொடங்கலாம்.